ஆட்டம் நின்ற நேரம்

தொலைபேசியை எடுத்ததும் முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. ட்ர்ர்ர் என்று இடைவெளியே இல்லாத ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால் அக்கா மகனின் குரல்: "கேட்கிறதா மாமா? இதுதான். படம் அப்படியே நிற்கிறது, சத்தம் மட்டும் விடாமல் இழுக்கிறது." அது ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது திரை உறைந்துவிட்டது. இன்ஜின் உறுமலில் கடைசியாக வந்த துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரைச்சலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒலிக்கு வேண்டிய தரவைக் கணினி சிறு சிறு துண்டுகளாக ஒரு தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒலிச்சில்லு அதை வரிசையாக எடுத்து ஒலித்துக்கொண்டே வரும். கடைசித் துண்டை எட்டியதும் மறுபடி முதல் துண்டுக்கு வரும். நிரப்புகிறவர் நின்றுபோனாலும் எடுக்கிறவருக்கு அது தெரியாது. பழைய துண்டையே எடுத்து ஒலித்துக்கொண்டிருப்பார். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் விளையாட்டு மட்டுமல்ல, அதற்குக் கீழே இருக்கும் மொத்தக் கணினியும் நின்றுவிட்டது என்று பொருள். இதை அவனிடம் சொன்னபோது, "அப்படியென்றால் ஆறு வாரமாக நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேனா?" என்று கேட்டான். குரலில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆறு வாரத்தில் அவன் செய்தவற்றைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. 80 ஜிபி விளையாட்டை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி இறக்கியிருக்கிறான். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றியிருக்கிறான். சர்வீஸ் கடையில் கொடுத்து இரண்டு முறை ஃபார்மட் போட்டாயிற்று. வீடியோக்களைப் பார்த்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதேதோ எண்களைத் திருத்தியிருக்கிறான். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில், பாதி புதிதும் பாதி பழையதுமாகப் பொறுக்கி அவனே கூட்டிய கணினி அது. கடைசியாகக் கடையில், "எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதிது போடு" என்று, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதற்கென்று பணத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

வாங்க வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். அதற்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடு. எதையும் மாற்றாதே. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூன்றே மூன்று விஷயங்களை எழுது: எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, எந்த விதத்தில் நின்றது.

இந்த மூன்றாவது கேள்விதான் எல்லோரும் கேட்காமல் விடுவது. 'கிராஷ் ஆகிறது' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால் ஒரு கதை. திரை இருண்டு, இரண்டு மூன்று வினாடியில் மறுபடி ஒளிர்ந்தால் அது கிராபிக்ஸ் கார்டின் கதை: கார்டு 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டுக் கிளப்பும், விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. அந்த 2 வினாடியை 10 ஆக்கு, 60 ஆக்கு என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துத்தான் இவனும் எண்ணைத் திருத்தியிருந்தான். மருத்துவரை வாசலிலேயே காக்கவைத்தால் நோயாளி பிழைத்துவிடுவானா? விண்டோஸே விழுந்து ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அதில் பெயரோடு ஒரு துப்பு இருக்கும். விசையை அழுத்தினாற்போல் பட்டென்று அணைந்தால் மின்சாரத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். இவனுடையது பல நாள் விளையாட்டு மூடிக்கொள்வதாகவும், சில நாள் மொத்தமாக உறைவதாகவும் இருந்தது. ஒரே கணினியில் இரண்டு விதம். அதுவே எனக்கு உறுத்தியது.

கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொன்னது எதை வைத்து என்று பார்த்தேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்பு வரி வரிசையாக நின்றது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் மின்வழங்கியைக் கைகாட்டிவிட்டார்கள். எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு வரியால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் தூக்கி எறியப்பட்டிருக்கின்றன. அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி கிளம்பியிருக்கிறது. ஏன் என்று அது சொல்லவில்லை. உறைந்துபோன கணினியை இவனே பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை அணைத்ததற்கும் ஒரு 41.

மின்சாரத்தை அதற்காக ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. குறிப்பாக நம் ஊர் வீடுகளில். வெளிநாட்டு வீடியோக்களில் வராத விஷயம் இது: மலிவான வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவும் சதுர அலை மின்சாரம் தருபவை. மின்விசிறியும் குழல்விளக்கும் அதில் முனகிக்கொண்டாவது ஓடிவிடும். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணநேர இடைவெளியையும் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும். முழுச் சுமையில் 16, 17 மில்லிவினாடி தாங்க வேண்டும் என்பது கணினி மின்வழங்கிகளுக்கான பழைய ஏடிஎக்ஸ் விதி. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் இடைவெளி குறையும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறினால் எர்த்தைச் சரிபார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். இவன் வீட்டில் எர்த் சரியாக இருந்தது. நோட்டில் மின்வெட்டு நேரங்களையும் எழுதச் சொன்னேன். நின்ற நேரங்களோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

பத்து நாள் கழித்துத் திருச்சிக்குப் போனேன். மே மாதம். நோட்டை எடுத்து நீட்டினான். பால் பாயின்ட் பேனாவில் குனிந்து குனிந்து எழுதிய வரிகள்: "2.50, மழைப் பந்தயம், மூடிக்கொண்டது. 4.15, பந்தயம் தொடங்கும் முன், உறைந்தது. 3.40, கடைத்தெருக் காட்சி, மூடிக்கொண்டது." பதினொரு வரிகள். பதினொன்றும் பகல் 2 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில். காலையில் மூன்று மணி நேரம் விளையாடிய நாட்களும் அதில் இருந்தன. அப்போது ஒருமுறைகூட நிற்கவில்லை.

வெப்பம் என்று அவனே சொன்னான். நோட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

கணினி இருந்தது மேசையின் கீழ்ப்பெட்டிக்குள், மூன்று பக்கமும் பலகை. கேபினெட்டைத் திறந்தால், கணக்குகளைச் செய்யும் சில்லான பிராசசரின் விசிறித் துடுப்புகளில் பஞ்சுமிட்டாய்போல் தூசி. ப்ளோயரால் ஊதி, பிராசசரின் சூட்டைக் கடத்தும், காய்ந்து ஓடாகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தோம். விளையாடும்போது 96 டிகிரி வரை போன பிராசசர் 78-க்கு இறங்கியது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அன்று மாலை 4.30-க்கு மறுபடி நின்றது. சூடு காரணம்தான், ஆனால் சூடாவது பிராசசர் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். பாதி சரியான விடை கிடைத்த பிறகு தோற்பது, ஒன்றுமே தெரியாமல் தோற்பதைவிட வலிக்கிறது.

பிறகு ஒவ்வொரு முறையும் விளையாட்டு மூடிக்கொண்டபோது விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிழை எண் பெரும்பாலும் 0எக்ஸ்சி0000005. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை நிரல் தொட முயன்றது என்று அதற்குப் பொருள். எந்தக் கோப்புக்குள் விழுந்தது என்ற வரியைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பு, ஒரே இடம் என்றால் அநேகமாக மென்பொருளில் பிழை. புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்கலாம், எழுதியவர்களுக்குத் தெரிவிக்கலாம். விழும் இடம் நாளுக்கு நாள் மாறினால் தரையே ஆடுகிறது. இவனுடையதில் ஒருநாள் விளையாட்டின் சொந்தக் கோப்பு, ஒருநாள் கிராபிக்ஸ் டிரைவர், ஒருநாள் விண்டோஸின் கோப்பு, ஒருமுறை பிரவுசர்கூட.

விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு இது பழைய துயரம். கில்ட் வார்ஸ் என்ற விளையாட்டு 2005-இல் வந்தது. அதை உருவாக்கிய ஏரீனாநெட் நிறுவனத்தாருக்கு, நிரலை எத்தனை முறை படித்தாலும் நடக்கவே முடியாத வகைப் பிழை அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. நிறுவனர்களில் ஒருவரான மைக் ஓ'பிரையன் விளையாட்டுக்குள்ளேயே ஒரு சிறு சோதனையை வைத்தார். விளையாட்டு ஓடும்போதே வினாடிக்கு 30 முதல் 50 முறை, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கணினியிடம் கொடுத்துச் செய்யச் சொல்வது. வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடுவது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு கணினி தவறான விடை தந்தது. கூட்டல் தெரியாத கணினிகள் அல்ல அவை. சூட்டிலும், போதாத மின்சாரத்திலும், அளவுக்கு மீறி ஏற்றிய வேகத்திலும் தடுமாறிய கணினிகள். சக நிறுவனர் பேட்ரிக் வயட் இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சோதனையில் தோற்றால் விளையாட்டு நின்று, வன்பொருளைச் சரிபார்க்கும் வழிகளைக் காட்டும் பக்கத்தைத் திறக்கும்படி செய்தார்கள். ஆட்டக்காரர் மீது இதைவிட அக்கறையான ஒரு நிரலை நான் அறிந்ததில்லை.

மைக்ரோசாஃப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் அதே 2005-இல் எழுதியது இன்னும் வியப்பானது. அவர்கள் ஆராய்ந்த ஓர் அறிக்கையில் நிரல் விழுந்திருந்த இடம், பிராசசருக்குள்ளேயே இருக்கும் ஒரு பதிவகத்தை, அதாவது எண் வைக்கும் ஒரு சிறு பெட்டியை, சுழியமாக்கும் கட்டளை. நினைவகத்தைத் தொடவே தொடாத கட்டளை அது. அங்கே விழ வழியே இல்லை. விசாரித்தால், குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்ட கணினிகள். அப்படி ஓடுகிறது என்பதே உரிமையாளர்களில் சிலருக்குத் தெரியாது. விற்ற சிறு கடையிலேயே ஏற்றிவைத்திருந்தார்கள்.

அண்மைக் கதை இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களுடையது. அன்ரியல் இன்ஜின் என்ற உருவாக்கக் கருவியில் செய்த விளையாட்டுகள், தொடக்கத்தில் ஷேடர்களை (படத்தின் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களை) தொகுக்கும்போது, 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. மக்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், டிரைவரைத் திட்டினார்கள், விளையாட்டுக்கு மோசமான மதிப்பெண் கொடுத்தார்கள். தவறு பிராசசரில் இருந்தது. அதன் எல்லா உள்ளகங்களும் (கோர்களும்) ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடும் அந்தச் சில நிமிடத்தில் அது தவறான விடை தந்தது; பிழைச்செய்தி அகப்பட்ட பெயரைச் சொன்னது. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை பிராசசரே கேட்டு வாங்கும்படி அதன் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோட் அமைந்திருந்ததை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. அப்படிப்பட்ட பிராசசர் வைத்திருப்பவர்கள் கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸை இன்றே புதுப்பியுங்கள். அதன் பிறகும் விளையாட்டு மூடிக்கொண்டால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

இவனுடையது அந்த வகை பிராசசர் இல்லை. விழும் இடம் மாறுகிறது, பகல் சூட்டில் மட்டும் வருகிறது. எனக்கு ராம் மீது, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தின் மீது, சந்தேகம் வந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலைப் பென் டிரைவில் போட்டு இரவு பத்து மணிக்கு ஓடவிட்டுத் தூங்கினோம். காலையில் பார்த்தால் திரையில் பச்சை எழுத்தில் எல்லாம் சரி. நான்கு சுற்று, ஒரு பிழையும் இல்லை.

அன்று காலை காபி குடிக்கும்போது அக்கா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அந்தக் கம்ப்யூட்டரில் அப்பா போட்டோ எல்லாம் ஏற்றச் சொன்னேன் தம்பி. அதில் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, இல்லையா?" திறந்து காட்டினாள். எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். நெற்றி, கண், மீசைவரை நன்றாக இருந்தது. தோளுக்குக் கீழே ஒரு கோடு விழுந்து, அதிலிருந்து படத்தின் அடிவரை வெறும் சாம்பல் நிறம். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கண்ணாடிக்கூடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

சம்பந்தம் இருந்தது. படக்கோப்பு நினைவகத்தின் வழியாகத்தான் சேமிப்புத் தட்டுக்குப் போகிறது. வழியில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு குறி, புரண்டால் அந்த இடத்திலிருந்து படம் கலைந்துவிடும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கோப்பு ஏறிவிட்டது என்றுதான் திரை சொல்லும். விளையாட்டு அப்படி அமைதியாகப் போகாது. 12 ஜிபி நினைவகத்தை நிரப்பி, வினாடிக்கு அறுபது முறை புரட்டி எடுப்பதால், புரண்ட பிட் ஒன்று எங்கேயாவது ஒரு முகவரியில் விழும். கதவிலக்கத்தில் ஓர் எண் மாறிய கடிதத்தோடு தபால்காரர் தவறான வீட்டைத் தட்டுவதுபோல் நிரல் போய் நிற்கும். விண்டோஸ் அதைப் பிடித்து மூடும். ஆறு வாரமாக எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த விளையாட்டு ஒன்றுதான். கடையில் போட்ட இரண்டு ஃபார்மட்டும் இதே ராம் வழியாக நடந்தவை என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ராம் சந்தேகத்தில் இருக்கும்போது ஃபார்மட் போடாதீர்கள். புதிய விண்டோஸே பழுதோடு இறங்கக்கூடும்.

இரவுச் சோதனை ஏன் ஏமாற்றியது? ராமின் ஒவ்வொரு பிட்டும் ஓர் ஓட்டைக் குடம். அதில் ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். வற்றிப்போவதற்குள் 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை மறுபடி நிரப்புகிறார்கள். சூடு ஏற ஏற ஓட்டை பெரிதாகிறது. சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்றே தரவிதி சொல்கிறது. சூட்டில் தரவு போய்வரும் நேரத் தாளமும் தவறும். ஜன்னல் காற்றில் இரவு பத்து மணிக்கு நாங்கள் சோதித்தது குளிர்ந்த ராமை. அது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பகல் 2 மணிக்கு விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டிக் கேபினெட்டைச் சூடேற்றினோம். உடனே மறுகிளப்பி மெம்டெஸ்ட்டுக்குள் போனோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி. எழுதிய மதிப்பும் படித்த மதிப்பும் அடுத்தடுத்துத் தெரிந்தன. 32 பிட்டில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. அவன் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டு வந்து, மாறிய இடத்தில் நிறுத்தினான். "இதுவா மாமா?" என்றான். அதுதான்.

கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முதல் ராம் தனியாக ஒரு பகல் முழுக்கச் சரி. இரண்டாவதும் தனியாகச் சரி. இரண்டையும் சேர்த்தால் பிழை. ஒன்று புதிது, மற்றது பழைய பொருள் கடையில் வாங்கியது. உள்ளே இருந்த சில்லுகள் வேறு வேறு. பயாஸில், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டு 3200-இல் ஓடவிட்டிருந்தான். டிடிஆர்4 என்ற அந்த வகை ராமின் அடிப்படை வேகம் பெரும்பாலும் 2133, அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட். 3200 எக்ஸ்எம்பி என்பது பெரும்பாலும் 1.35 வோல்ட்டில், ஒரே ஜோடியாகச் சோதித்துத் தரும் உறுதி. நடை வேறான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் மெதுவாகப் போகும்வரை வண்டி நேராகத்தான் போகும். ஓட்டினால் இழுபறிதான். மாடுகளில் எதுவும் நொண்டியல்ல.

வேகத்தை 2666-க்கு இறக்கினோம். விளையாட்டில் வினாடிக்கு நான்கைந்து ஃபிரேம் குறைந்தது. அவனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணினியை மேசைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஒரு மரமணைமேல் வைத்தோம். சூடேற்றிய பகல் சோதனை மூன்று நாளும் சுத்தமாக வந்தது. அதன் பிறகுதான், மூன்றாவதும் கடைசியுமான முறையாக, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அப்பாவின் படங்கள் பழைய மெமரி கார்டில் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள் அக்கா. திண்ணைப் படத்தில் கண்ணாடிக்கூடு திரும்பி வந்திருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தைத் தீபாவளிக்கு ஒரே ஜோடி ராம் வாங்க என்று மகனிடமே கொடுத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி வரி, 'மாலை 4.40, மழைப் பந்தயம், நிற்கவில்லை.' அதற்கு அடுத்த பக்கத்தில் தெருமுனை வீட்டுப் பையனின் பெயர், கீழே இரண்டு வரிகள்: "இரவு 9.10, போர்க்காட்சி. திரை இருண்டு 3 வினாடியில் திரும்பியது. சத்தம் நிற்கவில்லை." எப்போது எழுதினாய் என்றேன். நேற்று அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன் மாமா, இன்னும் எதையும் தொடவில்லை என்றான்.